ஃபோட்டோரெக், ஃப்ரீஃபைல்சிங்க்: எம்பிராய்டரி டிசைன் கோப்புகளை மீட்கவும் காக்கவும் பயன்படுத்திய இரண்டு இலவச மென்பொருள்கள்

திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்துதரும் சிறிய யூனிட் ஒன்றை நடத்தி வருகிறேன். மெஷின் பழுதானால் மெக்கானிக் வருவார், நூல் தீர்ந்தால் கடையில் கிடைக்கும். ஆனால் பஞ்சிங் செய்து (படத்தைத் தைப்புகளாக மாற்றி), துணிக்கு ஏற்ப அடர்த்தியைக் கூட்டிக் குறைத்து, மூன்று நான்கு முறை சாம்பிள் ஓட்டி ஒப்புதல் வாங்கிய ஒரு லோகோவின் டிசைன் கோப்பு தொலைந்தால், அதை மறுபடி பஞ்சிங் செய்தாலும் பழைய தைப்பு அப்படியே வருவதில்லை. ரிப்பீட் ஆர்டரில் பழைய பீஸையும் புதிய பீஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் க்யூசி (தரச் சோதனை) ஆளின் கண்ணுக்கு அந்த வேறுபாடு உடனே பட்டுவிடும். சென்ற ஆண்டு எங்கள் டிசைன் கோப்புகள் ஒரே நாளில் மொத்தமாகப் போய்விட்டன. அவற்றை மீட்க ஃபோட்டோரெக் என்ற மென்பொருளையும், பிறகு அப்படி நேராமல் காக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருளையும் பயன்படுத்தினேன். இவற்றைப் பற்றிப் பொதுவாக எழுதப்படுபவை ஒளிப்படங்களையும் அலுவலக ஆவணங்களையும் மனத்தில் வைத்தே எழுதப்படுவதால், எம்பிராய்டரி வேலைக்கு இவை எந்த அளவு உதவுகின்றன என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கணினி மிகவும் மெதுவாகிவிட்டதால் அதன் எஸ்.எஸ்.டி.யை ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம். டிசைன்கள் எல்லாம் மெஷினுக்குக் கொண்டுபோகும் 8 ஜிபி பென்டிரைவில் இருக்கின்றன என்ற நம்பிக்கையில் கணினியில் இருந்தவற்றை வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, இரவு ஷிப்டில் இருந்த தம்பி காலையில் என்னிடம் வந்து, "அண்ணா, பென்டிரைவ் எடுக்கலைங்க, ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சுங்க, ஓகே கொடுத்துட்டேனுங்க" என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெஷின் திரையில் வந்த கேள்விக்கு, வேலை நிற்கக் கூடாது என்று நினைத்துப் பதில் சொன்னவர் அவர். இருந்த ஒரே பிரதியை நாள்தோறும் மெஷினில் செருகிப் பிடுங்கும் பென்டிரைவில் வைத்திருந்தது என் தவறு.

இப்படி நேர்ந்தவுடன் மென்பொருளைத் தேடிப் போவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. அந்தப் பென்டிரைவைக் கழற்றி, அதில் ஒரு கோப்பைக்கூடப் புதிதாக எழுதாமல் தனியே வைத்துவிட வேண்டும். ஃபார்மேட் செய்தபின் எழுதப்படும் ஒவ்வொரு டிசைனும் பழைய டிசைன் ஒன்றின் மேல் உட்காரக்கூடும். அடுத்து மெஷினின் சொந்த மெமரியைப் பார்க்க வேண்டும். நாம் ஓட்டிய டிசைன்களைப் பல மெஷின்கள் பேனலிலேயே சேமித்து வைத்திருக்கும், அங்கிருந்து யூஎஸ்பிக்கு வெளியே எடுக்கவும் வழி இருக்கும். எங்களுக்கு அப்படியே நூற்றுக்கும் மேற்பட்ட டிசைன்கள் பெயரோடு கிடைத்தன. வெளியில் பஞ்சிங் செய்து தருபவர் அனுப்பிய மின்னஞ்சல்களிலும், வாட்ஸ்அப்பில் வந்த டாக்குமென்டுகளிலும் இன்னும் சில கிடைத்தன. எஞ்சியவற்றுக்குத்தான் ஃபோட்டோரெக் தேவைப்பட்டது.

ஃபோட்டோரெக் என்பது கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் உருவாக்கிய, ஜிபிஎல் என்ற திறந்த மூலநிரல் உரிமத்தில் வெளிவரும் இலவச மென்பொருள். டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு கருவியோடு சேர்ந்தே கிடைக்கிறது. இது பென்டிரைவில் உள்ள கோப்புப் பட்டியலை நம்புவதில்லை. வட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு வகைக் கோப்பும் எந்த எழுத்துகளோடு தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துக் கோப்புகளைக் கண்டெடுக்கிறது. ஃபார்மேட் செய்ததால் பட்டியலே அழிந்துபோன வட்டுக்கு இந்த முறைதான் பொருந்தும். மூல வட்டில் இது எதையும் எழுதுவதில்லை என்பது இதன் மிகப் பெரிய நற்பண்பு. கண்டெடுத்தவற்றை நாம் சொல்லும் வேறொரு வட்டில் சேமிக்கிறது. இருந்தாலும் நான் பென்டிரைவை நேரடியாகத் தொடாமல், முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாகக் கணினியில் எடுத்துக்கொண்டு, அந்த இமேஜின் மேல்தான் ஃபோட்டோரெக்கை ஓட்டினேன். பென்டிரைவ் நடுவில் செத்துப்போனாலும் கையில் ஒன்று இருக்கும் என்ற எச்சரிக்கைதான் காரணம்.

எம்பிராய்டரிக்காரர்களுக்கு இந்த மென்பொருள் ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை விளக்க, டி.எஸ்.டி. கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தஜிமா மெஷின்களுக்காக உருவான இந்த வடிவத்தை இன்று ஏறக்குறைய எல்லாத் தொழிற்கூட மெஷின்களும் படிக்கின்றன. கோப்பின் முதல் 512 பைட்டுகள் தலைப்புப் பகுதி, அதன் பிறகு ஒவ்வொரு தைப்புக்கும் மூன்று பைட்டுகள், அவ்வளவுதான். 28,450 தைப்புள்ள ஒரு நெஞ்சு லோகோ ஏறத்தாழ 84 கேபி அளவுதான் வரும். தலைப்புப் பகுதி நோட்பேடில் திறந்தாலே படிக்கக்கூடிய எழுத்துகளில் இருக்கிறது. 'எல்', 'ஏ' என்ற இரண்டு எழுத்துகளும் ஒரு முக்காற்புள்ளியும் முதலில் வரும், அதன் பின் டிசைனின் பெயருக்கு 16 இடம். தொடக்கத்திலிருந்து 20 பைட்டு தள்ளி 'எஸ்', 'டி' என்று எழுதித் தைப்பு எண்ணிக்கை, பிறகு நிறமாற்ற எண்ணிக்கை, அதன் பின் டிசைன் தொடங்கும் புள்ளியிலிருந்து வலம், இடம், மேல், கீழ் ஆகிய நான்கு பக்கமும் எவ்வளவு தூரம் போகிறது என்பது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில் இருக்கும். இவ்வளவு தெளிவான முகவரியோடு தொடங்கும் கோப்பைக் கண்டெடுப்பது எளிது. மேலும் டிசைன் கோப்பு சிறியது, ஒரே மூச்சில் எழுதப்படுவது. அதனால் வட்டில் அது பல இடங்களில் சிதறிக் கிடப்பது அரிது. சிதறிய கோப்புகளைச் சேர்ப்பதில் ஃபோட்டோரெக் வலுவற்றது என்றாலும், நம் கோப்புகளுக்கு அந்தக் குறை பெரும்பாலும் தட்டுப்படுவதில்லை.

தன் பட்டியலில் இல்லாத கோப்பு வகையை நாமே சேர்த்துக்கொள்ளவும் ஃபோட்டோரெக் இடம் தருகிறது. 'ஃபோட்டோரெக் டாட் சிக்' என்ற பெயரில் ஒரு சிறிய உரைக் கோப்பை உருவாக்கி, அதில் கோப்பின் பின்னொட்டு, அடையாளம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, அடையாள எழுத்துகள் எவை என்று ஒரே வரியில் எழுதி வைத்தால் போதும். நான் முதலில் தொடக்க எழுத்துகளை மட்டும் கொடுத்தேன். அவை மூன்றே குறிகள் என்பதால் சில பொய்க் கோப்புகளும் வந்து சேர்ந்தன. 20ஆம் பைட்டில் வரும் எழுத்துகளை அடையாளமாகக் கொடுத்தபின் அந்தத் தொல்லை நின்றது. வீட்டு மெஷின்களில் பிரதர் நிறுவனத்தின் பி.இ.எஸ். கோப்புகளை வைத்திருப்பவர்களும் இதே வழியில் போகலாம், அவை ஒரு ஹேஷ் குறியோடு 'பிஇஎஸ்' என்ற எழுத்துகளில் தொடங்குபவை. வேறு வகையாக இருந்தால், நல்ல நிலையில் உள்ள இரண்டு மூன்று கோப்புகளை ஹெக்ஸ் வியூவரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் கருவியில்) திறந்து பொதுவான தொடக்கத்தைக் கண்டுபிடிக்கலாம்.

பயன்படுத்துவதற்கு இது இனிமையான மென்பொருள் என்று சொல்ல மாட்டேன். கருப்புத் திரையில் அம்புக்குறி விசைகளைத் தட்டித் தட்டித்தான் முன்னேற வேண்டும். சாளரத்தோடு கூடிய க்யூஃபோட்டோரெக் என்ற வடிவமும் உடன் வருகிறது. 'காலி இடத்தில் மட்டும் தேடு', 'முழு இடத்திலும் தேடு' என்று இரண்டில் ஒன்றைக் கேட்கும் இடத்தில், ஃபார்மேட் ஆன வட்டுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இப்படித் தனியாகச் சேர்த்த கோப்பு வகைக்கு முடிவு எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியாததால், அடுத்த கோப்பின் தொடக்கம் வரும்வரை உள்ள எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எழுதிவிடும். அதனால் 84 கேபி இருக்க வேண்டிய டிசைன் சில இடங்களில் பல மெகாபைட்டாக வந்தது. பார்த்தவுடன் பயந்துவிட்டேன். ஆனால் டி.எஸ்.டி.யில் தைப்பு முடிவுக்கென்றே ஒரு குறி உண்டு, அதைக் கண்டதும் இங்க்ஸ்டிட்ச் போன்ற மென்பொருள்கள் படிப்பதை நிறுத்திவிடுகின்றன. இங்க்ஸ்டிட்ச் என்பது இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் இலவச நீட்சி. அதில் திறந்து சரியான அளவில் மறுபடி சேமித்ததும் வால் போய்விட்டது.

இனி, யாரும் முன்கூட்டியே சொல்லித் தராத சிக்கலுக்கு வருகிறேன். ஃபோட்டோரெக் தைப்பைத் திருப்பித் தருகிறது, ஆனால் பெயரைத் தருவதில்லை, தேதியையும் தருவதில்லை. எஃப் என்ற எழுத்தும் ஏழெட்டு இலக்க எண்ணுமாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பெயர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் வந்து குவிந்தன. தலைப்புப் பகுதியில் உள்ள 16 எழுத்துப் பெயர் ஓரளவுக்கு உதவியது. ஆனால் பழைய டிசைனைத் திறந்து மாற்றிப் புதிய பெயரில் காப்பி செய்த இடங்களில் உள்ளே பழைய பெயரே தங்கியிருந்தது. இதைவிட ஆபத்தானது வேறொன்று. நாங்கள் என்றோ அழித்துவிட்ட, ஒப்புதல் பெறாத சாம்பிள் டிசைன்களும் ஒப்புதல் பெற்ற இறுதி டிசைன்களோடு கலந்து உயிர்பெற்று வந்துவிட்டன. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றில் அடர்த்தி கூடுதலாக இருந்து பிக்கே துணி சுருங்கியதால்தான் அதை ஒதுக்கியிருப்போம். தவறானதை எடுத்து 2,000 பீஸ் ஓட்டிவிட்டால் நஷ்டம் கோப்பு தொலைந்ததைவிடப் பெரியது.

அப்போது எங்களைக் காப்பாற்றியது ஜாப் ஒர்க் நோட்டு. நாங்கள் ஆயிரம் தைப்புக்கு இவ்வளவு என்று கணக்கிட்டே கூலி வாங்குகிறோம் என்பதால், ஒவ்வொரு ஆர்டருக்கும் மெஷின் பேனலில் காட்டும் தைப்பு எண்ணிக்கையைக் கடைசி இலக்கம் வரை நோட்டில் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. பில் போடுவதற்காக எழுதிய அந்த எண்ணே கோப்பின் தலைப்புப் பகுதியிலும் இருக்கிறது. ஆறு ஆண்டு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, நானும் என் மனைவியும் இரவு நேரங்களில் உட்கார்ந்து, கோப்பில் உள்ள எண்ணை ஒருவர் படிக்க மற்றவர் நோட்டில் தேடி, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டினோம். 28,450 என்று நோட்டில் இருந்தால் 28,450 உள்ள கோப்புதான் இறுதி டிசைன், 29,112 உள்ளது ஒதுக்கிய சாம்பிள். ஏறக்குறைய மூன்று வாரம் இந்த வேலை நடந்தது. மீட்ட ஒவ்வொரு டிசைனையும் ஆர்டருக்கு ஓட்டுவதற்கு முன் கழிவுத் துணியில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதையும் கட்டாயமாக்கினோம்.

பெயரும் சேர்ந்து கிடைக்க வழியே இல்லையா என்று கேட்கலாம். விலைக்கு விற்கப்படும் சில மீட்பு மென்பொருள்கள் பெயர்களையும் தேடித் தருகின்றன, அது ஏமாற்று அல்ல. குயிக் ஃபார்மேட் செய்யும்போது முதன்மைப் பட்டியல்தான் அழிகிறது, உள் ஃபோல்டர்களின் பட்டியல் வட்டின் வேறிடத்தில் அழியாமல் கிடக்கக்கூடும். எங்களுக்கு அதனாலும் பயன் இல்லாமற்போயிற்று. ஃபோல்டருக்குள் போட்டால் மெஷின் பேனலில் தேடி எடுப்பது சிரமம் என்று எல்லா டிசைன்களையும் வெளியிலேயே கொட்டி வைத்திருந்தோம். நிறுவனம் வாரியாக ஃபோல்டர் போட்டு வைத்திருந்தால் அந்த மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

ஃபோட்டோரெக்கால் எங்களுக்கு ஒன்றுமே செய்ய முடியாமற்போன இடம் கணினியின் எஸ்.எஸ்.டி. பென்டிரைவிலும் பழைய ஹார்டு டிஸ்கிலும் அழித்த கோப்பின் உள்ளடக்கம் மேலே வேறொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் அப்படியே கிடக்கும். எஸ்.எஸ்.டி.யிலோ, அழித்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் 'ட்ரிம்' என்ற கட்டளை மூலம் வட்டுக்குச் சொல்லிவிடுகிறது, வட்டும் அந்த இடத்தைத் துடைத்துவிடுகிறது. எங்கள் இ.எம்.பி. கோப்புகள் அங்கேதான் இருந்தன. வில்காம் மென்பொருளின் சொந்த வடிவமான இ.எம்.பி. கோப்பில் தைப்பு மட்டுமல்லாமல், ஒவ்வொரு பகுதியின் வெளிக்கோடு, தைப்பு வகை, அடர்த்தி, அண்டர்லே (மேல்தைப்புக்கு அடியில் போடும் தைப்பு) எல்லாம் திருத்தக்கூடிய நிலையில் இருக்கும். டி.எஸ்.டி.யில் ஊசி எங்கே இறங்க வேண்டும் என்பது மட்டுமே இருக்கிறது, நூலின் நிறம்கூட இல்லை, எங்கே நிறம் மாற வேண்டும் என்ற குறிப்புதான் உண்டு. பெரியவர் சட்டைக்கு ஓட்டிய லோகோவைக் குழந்தைகள் சட்டைக்குச் சிறிதாக்கச் சொன்னால், இ.எம்.பி. இருந்தால் அளவுக்கு ஏற்பத் தைப்பைப் புதிதாகக் கணக்கிட்டுவிடலாம். டி.எஸ்.டி.யைச் சுருக்கினால் அதே தைப்புகள் நெருங்கி நின்று நூல் அறுந்துகொண்டே இருக்கும். மீட்பைப் பொறுத்தவரை எங்களுக்குக் கிடைத்தது ஓடக்கூடிய டிசைன்கள், திருத்தக்கூடிய டிசைன்கள் அல்ல.

இதற்குப் பிறகு காப்புப் பிரதிக்காக ஃப்ரீஃபைல்சிங்க்கைத் தேர்ந்தெடுத்தேன். இதுவும் இலவசம், மூலநிரல் திறந்தது. இடப்பக்கம் கணினியின் டிசைன் ஃபோல்டர், வலப்பக்கம் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் என்று காட்டிவிட்டு ஒப்பிடச் சொன்னால், எவை புதியவை, எவை மாறியவை, எவை அழிந்தவை என்று முதலில் பட்டியலிட்டுக் காட்டுகிறது. நாம் ஒப்புக்கொண்ட பிறகே நகலெடுக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்க்கும் அரை நிமிடம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. வழக்கமாக வாரத்துக்கு இருபது முப்பது டிசைன் கூடும். ஒரு நாள் 600 கோப்பு அழிக்கப்படும் என்று காட்டினால், எங்கேயோ தவறு நடந்துவிட்டது என்று ஒன்றும் கெடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய அமைப்பு ஒன்று உண்டு. 'மிரர்' முறை இடப்பக்கத்தில் உள்ளபடியே வலப்பக்கத்தை ஆக்கிவிடும், அதாவது இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். ஆகவே அழிப்பைக் கையாளும் இடத்தில் 'வெர்ஷனிங்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு தனி ஃபோல்டரைக் காட்டிவிட வேண்டும். பெயரிடும் முறையில் 'டைம் ஸ்டாம்ப்' என்பதையும் தேர்ந்தெடுத்தால், அழிந்தவையும் மாற்றி எழுதப்பட்டவையும் தேதியோடு அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஒளிப்படக்காரர்கள் இப்படிச் செய்தால் வட்டு விரைவில் நிறைந்துவிடும் என்று தயங்குவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. 5,000 டிசைன்களை 150 கேபி வீதம் கணக்கிட்டாலும் 750 எம்பி சுற்றுதான் வரும். பழைய பதிப்புகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டாலும் சாதாரண 1 டிபி ஹார்டு டிஸ்கில் ஒரு மூலைதான் நிறையும். நகலெடுத்து முடித்ததும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிடுகிறேன். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் கணினியோடு இணைந்திருக்கும் வட்டுகளையும் சேர்த்தே பூட்டிவிடும் என்பதால், கழற்றி வைத்த வட்டுதான் காப்பு. இரண்டாவது ஹார்டு டிஸ்க் வீட்டில் இருக்கிறது, மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்கிறேன்.

ஃப்ரீஃபைல்சிங்க்கின் குறை, அதைத் தொடங்கி வைப்பவர் நாமாகவே இருக்க வேண்டும் என்பது. தானாக இயங்க வைக்க வழி இருந்தாலும், முதல் முறை அமைப்பவருக்கு அது சற்றுக் குழப்பமாகவே இருக்கும். மறைக்குறியாக்கமும் இதில் கிடையாது, ஹார்டு டிஸ்க் தொலைந்தால் எடுத்தவர் டிசைன்களைத் திறந்துவிடலாம். இது பிராண்ட் லோகோக்களை வைத்திருப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம்.

கூகுள் டிரைவை மட்டும் நம்பினால் போதாதா என்று தொழில் நண்பர்கள் கேட்கிறார்கள். இலவசமாகத் தரப்படும் 15 ஜிபி நம் கோப்புகளுக்குத் தாராளம், மூன்றாவது பிரதியாக நானும் அதை வைத்திருக்கிறேன். ஆனால் அது ஒத்திசைவு, கணினியில் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் மட்டுமே இருக்கும். எங்களுக்கு ஒரு டிசைன் காணவில்லை என்பது ரிப்பீட் ஆர்டர் வரும்போதுதான் தெரியும், அது எட்டு மாதம் கழித்துக்கூட வரலாம்.

காப்பில் எவற்றைச் சேர்ப்பது என்பதிலும் இப்போது மாறிவிட்டோம். ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் இ.எம்.பி., டி.எஸ்.டி., நூல் நம்பர்களும் நிற வரிசையும் உள்ள ஒர்க்‌ஷீட், ஒப்புதல் பெற்ற சாம்பிளின் மொபைல் படம் ஆகியவை. ஜாப் ஒர்க் நோட்டின் பக்கங்களையும் மாதக் கடைசியில் படம் எடுத்துச் சேர்க்கிறோம். மெஷினுக்குப் போகும் பென்டிரைவில் அன்றைய ஆர்டருக்கான டிசைன்கள் மட்டுமே இருக்கும், ஃபார்மேட் ஆனாலும் நஷ்டமில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஹார்டு டிஸ்கிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஐந்து டிசைன்களைத் திறந்து பார்க்கிறோம்.

பென்டிரைவோ மெமரி கார்டோ ஃபார்மேட் ஆகி, அதன் மேல் எதையும் எழுதாதிருந்தால் ஃபோட்டோரெக்கைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கடையில் பணம் கொடுப்பதற்கு முன் முயன்று பார்க்க வேண்டியது இதுதான். வட்டே பழுதாகி, கணினியில் செருகினால் அடையாளமே தெரியவில்லை என்றால் எந்த மென்பொருளும் உதவாது, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அதிகம் பழகாதவர்கள் ஃபோட்டோரெக்கைத் தனியாக ஓட்டுவதைவிட, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தவறிப்போய் மீட்ட கோப்புகளை அதே பென்டிரைவில் சேமித்துவிட்டால் அத்தோடு முடிந்தது.

நோட்டோடு பொருத்திப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் அறுபது கோப்புகள் வரை ஒரு ஃபோல்டரில் மிஞ்சிக் கிடந்தன. போன மாதம் பழைய வாடிக்கையாளர் ஒருவர், நான்கு ஆண்டுக்கு முன் நாங்கள் தைத்துக் கொடுத்த சீருடைச் சட்டையைக் கொண்டுவந்து, அதே லோகோ வேண்டும் என்றார். அந்த ஆர்டர் நோட்டில் ஏறவே இல்லை. சட்டையை மேசையில் விரித்து ஸ்கேல் வைத்து அளந்தால் லோகோவின் அகலம் 92 மில்லிமீட்டர். மிஞ்சிய கோப்புகளை ஒவ்வொன்றாக நோட்பேடில் திறந்து, வலப்பக்க அளவையும் இடப்பக்க அளவையும் கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். முப்பத்து நான்காவது கோப்பில் 460ம் 460ம் இருந்தன. கழிவுத் துணியில் ஓட்டிச் சட்டையின் பக்கத்தில் வைத்ததும், அவர் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதானுங்க" என்றார். அந்தக் கோப்புக்கு அன்றே பெயர் வைத்து மூன்று இடத்திலும் ஏற்றினேன்.